ஏக் அவுர் பாய்

என் அம்மாவின் கணையத்துக்குள் அன்று தெரிந்த மிளகளவு இடைவெளி வெறும் காற்றுக்குமிழிதானா? நான்கு வருடங்களாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது வருகிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது வருகிறது. பதில் சொல்லியிருக்கக்கூடிய மனிதர் ஒருவர் இருந்தார். அவரைச் சொல்ல விடாமல் செய்தவள் நான். அதனால்தான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று வருடம், செம்பூருக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். வயிற்று நோய்ப் பிரிவில் டாக்டர் சொல்லச் சொல்ல அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. வாய் வழியாக வளையும் குழாயை விட்டு வயிற்றின் உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி அங்கே தினமும் நடக்கும். செவ்வாயும் வெள்ளியும் அதிலேயே கடினமான ஒன்று நடக்கும். குழாய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கத்துக்குப் போகும். பித்தமும் கணைய நீரும் வந்து விழுகிற சின்ன வாய் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குள் நூல் போன்ற இன்னொரு குழாயைச் செருகி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துவார்கள். கணையத்தின் உள்வழி, பார்க்க முடியாத அந்த வாய்க்கால், சில நிமிடங்களுக்கு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தச் சில நிமிடங்களுக்குள் படம் எடுத்துவிட வேண்டும். எடுப்பவர் அவர்.

கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். தாராவியில் அண்ணன் தம்பிகளோடு குடியிருந்தார். அவர்கள் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் எக்ஸ்ரே படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு. கதிர் படாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் ஈய அங்கி அவருக்கு இரண்டு அளவு பெரிது. ஒரு தோளிலிருந்து எப்போதும் நழுவிக்கொண்டே இருக்கும். படம் கழுவும் மருந்தில் விரல் நகங்கள் பழுப்பேறியிருந்தன. அவர் வந்து நின்றாலே புளித்த வாடை அடிக்கும். அதனாலேயே கேன்டீனில் ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிடுவார்.

அவரை எல்லாரும் கூப்பிட்டது 'ஏக் அவுர் பாய்' என்று. ஒரு படம் எடுத்து முடித்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "ஏக் அவுர், சாப்" என்பார். இன்னும் ஒன்று. டாக்டர் போதும் என்றால் கூட, ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடி அதையே சொல்வார். ஸ்டோர் கிளார்க் ஃபிலிம் கணக்கை எடுத்துக்கொண்டு வந்து சத்தம் போடுவான். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஏக் அவுர்.

படத்தில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலுமே அவருக்கு இரண்டாவது தடவை வேண்டும். இருட்டறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இழுத்துப் பார்ப்பார். நான் எழுதித் தந்த பெயர்ச் சீட்டை என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு நோயாளியிடம் போய்ப் பெயர் கேட்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் பி.காம். முதல் வகுப்பு. ஒரு பெயரை ஒழுங்காக எழுதத் தெரியாதா?

ஆனால் அவருடைய இரண்டாவது கேள்விக்கு ஒரு பலன் இருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறாக வர வேண்டும். ஆறு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. முந்தின நாளே நான் போன் செய்து சொல்லிவிடுவேன். மறுநாள் மேஜையில் படுத்ததும் அவர் கேட்பார், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று. இல்லை என்று எல்லாருமே சொல்வார்கள். அவர் திரும்பிப் போய், படத் தட்டைச் சரி செய்து, ஏதோ அப்போதுதான் நினைவு வந்ததுபோல, காப்பி சாயா ஏதாவது என்று இழுப்பார். அப்போதுதான் வரும்: காப்பி குடித்தேன், சாப்பிடவில்லையே! மாதுங்காவிலிருந்து வந்தவர்கள் காப்பி, தாராவியிலிருந்து வந்தவர்கள் சாயா. ஒரு மாமி கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு நேரே வந்திருந்தாள், பஞ்சாமிர்தம் சாப்பிட்டாளாம். பிரசாதம் எப்படிச் சாப்பாடாகும் என்று எங்களையே கேட்டாள்.

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த மாமியை மேஜையிலிருந்து இறக்கி அனுப்பிவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"பாத்தீங்களாம்மா? மொதக் கேள்விக்கு வாய் பதில் சொல்லுது. ரெண்டாவதுக்குத்தான் வயிறு பதில் சொல்லுது."

ஒரு பெருநாளுக்கு அவர் மனைவி பிரியாணிப் பாத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நான் சைவம் என்று தெரிந்து எனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் கடல்பாசி இனிப்பு. நர்ஸ்கள் சூழ்ந்துகொண்டு, வீட்டிலும் ஐயா இப்படித்தானா என்று கேட்டார்கள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவிவிட்டது. நிக்காவின்போது, பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டுவர, வக்கீல் என்று அவர்கள் சொல்லும் பெண் தரப்புப் பிரதிநிதியும் இரண்டு சாட்சிகளும் பெண் இருக்கும் அறைக்கு வருவது அவர்கள் வழக்கம். வந்தார்களாம்; இந்த அம்மா சம்மதம் என்றாராம்; போனார்களாம். கொஞ்ச நேரத்தில் அதே மூன்று பேரும் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்ப வந்து நின்றார்களாம். மாப்பிள்ளை, முகத்தை மறைத்த பூச்சரத்துக்குள்ளிருந்து, 'நல்லா கேட்டீங்களா?' என்றாராம்.

"அப்பவே மாட்டேன்னு சொல்லிருப்பேன். மூணாவது வாட்டியும் வந்து நிப்பாகளேன்னு பயந்துதான் சரின்னுட்டேன்" என்றார் அந்த அம்மா.

அவர் பழுப்பு நகங்களைப் பார்த்துக்கொண்டே, சிரிக்காமல், நிக்காவுக்கே இரண்டு சாட்சி கேட்கிறார்கள், ஒற்றைச் சாட்சியை நம்பி ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வரவும் முடியாது, அனுப்பி வைக்கவும் முடியாது என்றார். அனுப்பி வைப்பது என்று அவர் சொன்னது எதை என்று எனக்கு அப்போது புரியவில்லை.

புரிந்தது செம்பூரிலிருந்து வந்த ஒரு மராட்டியக்காரரால். தொழிற்சாலையில் வேலை, நாற்பத்தெட்டு வயது. மூன்று வருடமாக விட்டு விட்டு வயிற்று வலி. குடிப்பழக்கம் என்று எல்லா டாக்டர்களும் எழுதியிருந்தார்கள். அவரோ குடிக்காதவர். எங்கள் டாக்டர் ஜப்பானில் ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். அன்று குழாய்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பக்கக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன். மொட்டுப்போல மூடியிருக்க வேண்டிய அந்தச் சின்ன வாய், மீனின் வாய்போலத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து கெட்டியாக, கண்ணாடிபோல ஏதோ வழிந்துகொண்டிருந்தது. வெண்டைக்காய் நறுக்கின கத்தியில் இழையுமே, அதேபோல.

கணைய வாய்க்காலின் உட்சுவரில் பாசி மாதிரி ஒரு வளர்த்தி வரும், அதுதான் இந்தக் கோழையைச் சுரக்கிறது என்றார் டாக்டர். ஜப்பானிய டாக்டர்கள் சமீபத்தில்தான் இதைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார்களாம். அது இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. விட்டுவைத்தால் ஆகலாம். எத்தனை வருடத்தில் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் படத்தில் தெரிந்தது வெள்ளைக் கோட்டின் நடுவே ஓர் இடைவெளி மட்டும்தான். மருந்து செலுத்தும்போது குழாயில் காற்று போயிருந்தாலும் அப்படித்தான் தெரியும் என்றார் உதவிக்கு நின்ற சின்ன டாக்டர். அறுவை சிகிச்சை செய்பவரிடம் காற்றுக்குமிழியைக் காட்டி வயிற்றைக் கிழிக்கச் சொல்ல முடியுமா? கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலை நீண்டது. "ஏக் அவுர், சாப். பொரட்டிப் போட்டு."

குப்புறப் படுத்திருந்தவரைப் புரட்டி மல்லாக்கப் போட்டார்கள். அவர் இரண்டாவது படம் எடுத்தார். ஈரம் சொட்டச் சொட்ட இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி எனக்கும் காட்டினார். குமிழியாக இருந்தால் ஆளைப் புரட்டியதும் மேலே ஏறிவிடும். கோழையாக இருந்தால் நகரும். சுவரில் முளைத்தது மட்டும் ஆள் எப்படிப் புரண்டாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த மனிதருக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

அவரை அறுவை சிகிச்சைக்கு அனுப்பி வைத்தார்கள். வெட்டியெடுத்த பகுதியின் பரிசோதனை முடிவையும் எங்கள் கோப்புக்காக நான்தான் தட்டச்சு செய்தேன். புற்றாக மாறத் தொடங்கியிருக்கவில்லை, இன்னும் இல்லை. அந்த 'இன்னும்' என்ற சொல்லில் என் விரல் நின்றது நினைவிருக்கிறது. ஆறு மாதம் கழித்து அவர் எலும்பும் தோலுமாக, ஆனால் தன் காலால் நடந்து வந்து, எக்ஸ்ரே அறை வாசலில் நின்று தன் படத்தைக் காட்டச் சொன்னார். பாய் இரண்டையும் காட்டினார். கொஞ்சம் பொறுத்து, பார்த்தாயிற்றா என்று கேட்டு மறுபடியும் காட்டினார்.

ஒருநாள் நான் பொறுமை இழந்துவிட்டேன். ஒரு பெயரை இரண்டாவது முறையாக வாசிக்கச் சொன்னபோது, வேண்டுமானால் மூன்றாவது தடவையும் கேளுங்கள் பாய் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மூணாவது கேக்க மாட்டேம்மா. ஒரு தடவ கேட்டா விசாரிக்கோம்னு அர்த்தம். ரெண்டு தடவ கேட்டா கவனமா இருக்கோம்னு அர்த்தம். மூணாவது கேட்டா, நீ பொய் சொல்லுதேன்னு அர்த்தம். அந்த ஹக் நமக்குக் கெடையாது."

அந்த ஹக், அந்த உரிமை, அவருக்கு இருந்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. செம்பூரில் அப்பாவோடு இருந்தாள். சாப்பிட்டால் மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போகும் வலி. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. சோனோகிராஃபியில் கணைய வாய்க்கால் சற்று அகன்றிருப்பதாக வந்தது. எங்கள் டாக்டரிடம் காட்டினேன். உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை, பதினோரு மணி.

முந்தின நாளே செம்பூருக்குப் போய் அம்மாவோடு தங்கினேன். காலை ஐந்து மணிக்கு அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். விழித்ததும் காப்பி குடிக்காவிட்டால் அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். அது ஊரறிந்த விஷயம்.

"காப்பி ஆகாரமாடி? தண்ணி மாதிரின்னா அது."

மூன்று வருடமாக நூற்றுக்கணக்கான பேரிடம் 'காப்பிகூடக் கூடாது' என்று போனில் சொன்னவள் நான். நானே கணக்குப் போட்டேன். ஐந்திலிருந்து பதினொன்று வரை ஆறு மணி நேரம். சரியாக இருக்கிறது. முக்கால் டம்ளர் கலந்து கொடுத்தேன். நுரை பொங்க ஆற்றித்தான் கொடுத்தேன், அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால், முதல் நோயாளி வரவில்லை. நம் ஸ்டாஃபின் அம்மாதானே, காத்திருக்க வைப்பானேன், முதலில் எடுத்துக்கொள்வோம் என்று எல்லாரும் எனக்கு உபகாரம் செய்தார்கள். ஒன்பதரை மணிக்கு அம்மா மேஜையில் படுத்திருந்தாள்.

அவர் வந்தார். ஏதாவது சாப்பிட்டீர்களா அம்மா என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றாள் அம்மா. அவர் திரும்பிப் போய்ப் படத் தட்டைச் சரி செய்தார். இரண்டாவது கேள்வியை அம்மாவிடம் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்த மரியாதையாக இருக்கலாம், என்னிடம் கேட்டார்.

"காப்பி?"

அப்பா வெளியே காத்திருந்தார். என் கணவர் லீவு போட்டிருந்தார். இன்று விட்டால் இன்னும் பத்து நாள். இதெல்லாம் பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நொடியில் இருந்தது வெட்கம் மட்டும்தான். நர்ஸ்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இல்லை பாய்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, குழாய் கடிபடாமல் இருக்க வைக்கும் வளையத்தை வாங்கிக்கொண்டாள்.

ஈய அங்கி போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றேன். குழாய் பாதி போனதுமே அவளுக்குக் குமட்டியது. கடைவாயில் வெளிர்ப் பழுப்பாக வழிந்தது. டாக்டர் அதை உறிஞ்சி எடுத்துவிட்டு மேலே போனார். சிறுகுடலில் அந்தச் சின்ன வாயைக் கண்டுபிடித்தார். அங்கே நெடுநேரம் நின்றார். ஏதோ வெள்ளையாக இருக்கிறது, கோழையா நுரையா தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். தண்ணீர் பீய்ச்சினார். அம்மா மறுபடி குமட்டினாள், பார்வை கலங்கிவிட்டது. யாராவது இவருக்குப் பால் கொடுத்தீர்களா என்று கேட்டார். பாய் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து ஏதோ விசையைத் திருகிக்கொண்டிருந்தார். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

மருந்து செலுத்தினார்கள். ஒரு படம் எடுத்தார். அம்மா தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள், மாடு கத்துவதுபோல. என் விரல் மோதிரம் எலும்பில் அழுந்தும்படி கையைப் பிடித்திருந்தாள். டாக்டர் குழாயை உருவிவிட்டார். தலை நீண்டது.

"ஏக் அவுர், சாப். பொரட்டி ஒண்ணு."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, உன் அம்மா, தாங்குவார்களா, நீயே சொல் என்றார். வளையத்தை எடுத்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "போறும்டி. ஆத்துக்கு அழைச்சுண்டு போ."

பாய் வெளியே வந்தார். அங்கி தோளிலிருந்து நழுவியிருந்தது. "ஒரே நிமிசம்மா. மருந்து வடிஞ்சுரும்."

"போதும் பாய். விட்டுடுங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?"

இரண்டாவது தடவை. நான் கத்தினேன். "உங்க அம்மாவா இருந்தாத் தெரியும் உங்களுக்கு."

அவர் படத் தட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்கவில்லை.

ஈரப் படத்தில், வெள்ளைக் கோட்டின் நடுவே, மிளகளவு இடைவெளி. அதற்குள் அம்மாவின் உள்ளே மருந்து வடிந்து முடிந்துவிட்டது. டாக்டர் இரண்டு வாக்கியம் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். முதல் வாக்கியம்: பெரும்பாலும் காற்றுக்குமிழியாக இருக்கலாம். இரண்டாவது வாக்கியம்: மூன்று மாதத்துக்குப் பின் பரிசோதனையை மறுபடி செய்வது நல்லது.

அன்று மாலை அம்மாவுக்கு வலி ஆரம்பித்தது. இந்தப் பரிசோதனையாலேயே கணையம் சில பேருக்கு வீங்கிவிடும். நான்கு நாள் சொட்டு மருந்தோடு வார்டில் கிடந்தாள். அப்பா ஒரே நாளில் பத்து வயது கூடினவர்போல ஆனார். இனி ஜன்மத்துக்கும் இந்தக் குழாய் வேண்டாம் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். படத்தில் என்ன வந்தது என்று அப்பா கேட்டார்.

"காத்துக்குமிழியாம்ப்பா. வேற ஒண்ணுமில்லை."

நான் பொய் சொல்லவில்லை. முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக் கைகூப்பினார். அதற்குப் பிறகு இரண்டாவது வாக்கியத்தை எப்படி எடுப்பது?

அந்த நான்கு நாளும் பாய் வேலை முடிந்து போகும்போது வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான் கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். மன்னிப்புக் கேட்டால் காப்பியையும் சொல்ல வேண்டி வருமே.

மூன்று மாதம் கழித்து, கேன்டீனில், அம்மாவுக்கு அந்த இன்னொரு படம் எப்போது எடுக்கலாம் என்று கேட்டார். அடுத்த மாதம் பாய் என்றேன். அடுத்த மாதம் எனக்கே வாந்தியும் மயக்கமும், குழந்தை உண்டாகியிருந்தேன். வேலையை விட்டேன். கடைசி நாள் என் மேஜைக்கு வந்தார்.

"அம்மாக்கு அந்தப் படம்… எடுத்துரலாமாம்மா?"

"அப்பாகிட்டப் பேசிட்டிருக்கோம் பாய்."

அப்பாவிடம் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. அவர் சரிம்மா என்றார். ஃபிலிம் சுற்றி வரும் கறுப்புத் தாளில் பொதிந்த ஓர் உறையைக் கொடுத்தார். அம்மாவின் படம். அந்த இடைவெளியைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் மெல்லிய வட்டம். மடக்காதீர்கள், மடக்கினால் கோடு விழும், பிறகு பார்க்கிறவருக்கு அதுவும் நோய்போலத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, மடக்காதீர்கள் என்று மறுபடி சொன்னார்.

பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். சயான் ஸ்டேஷன் படிக்கட்டில், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் ஏறிக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. பிள்ளை நல்லா இருக்கானா என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன். பையனின் பாதத்தை இரண்டு விரலால் தொட்டார். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போயிற்று. நல்லா இருக்கான்லா என்று மறுபடி கேட்டார். ஆமாம் பாய், இரண்டு நாளாகச் சளி மட்டும் என்றேன். அவர் தலையாட்டினார்.

நான் காத்திருந்தேன். அம்மாவைப் பற்றிக் கேட்டால் அங்கேயே, அந்தப் படிக்கட்டிலேயே, காப்பி முதல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நின்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வாரேம்மா" என்று மேலே ஏறிப் போனார். என் அம்மாவைப் பற்றி அவர் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டு முடித்திருந்தார்.

அடுத்த வருடம் விசாரித்தபோது, வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முகவரி யாரிடமும் இல்லை. டாக்டரும் வெளிநாடு போய்விட்டார்.

அம்மா இப்போது வாரத்தில் நான்கு நாள் மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்து என் பையனைப் பார்த்துக்கொள்கிறாள். கொஞ்சம் பூசினாற்போல்கூட ஆகியிருந்தாள். நான்தான் எதையும் ஒரு தடவையில் விடாதவளாக ஆகிவிட்டேன். பையனுக்கு நெற்றி சுட்டால் தெர்மாமீட்டரை உதறி உதறி இரண்டு தடவை வைக்கிறேன். என் கணவர் சிரிக்கிறார்.

போன மாதம், பையனுக்குச் சாதம் ஊட்டி முடித்த அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விலாவுக்குக் கீழே கையை அழுத்தியிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வாயுடி. பெருங்காயம் போட்டு மோர் குடிச்சாச் சரியாப் போயிடும்."

நான் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, ஏதோ நினைவு வந்ததுபோலக் கேட்டேன். "முதுகுக்குப் போறதா அம்மா?"

அம்மா பையனின் வாயைத் துடைத்தாள். பிறகு, "எப்பவாவது" என்றாள். "உங்கப்பாகிட்ட சொல்லாதே. குமிழிதான்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாளே."

அந்தக் கறுப்பு உறை என் பீரோவின் மேல், மடங்காமல் இருக்கிறது. நேற்று இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டம் கொஞ்சம் அழிந்திருக்கிறது. உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. படத்தில் எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

மறுபடி குழாய் விட்டால் அந்த நான்கு நாள் வலி மறுபடி வரலாம். குமிழிதான் என்று தெரிந்தால், வீணாக அவளை வதைத்தவள் ஆவேன். வேறென்றால், பெரிய அறுவை சிகிச்சை. அம்மாவுக்கு ஐம்பத்தைந்து ஆகிறது. பேசாமல் இருந்தால், 'இன்னும் இல்லை' என்ற அந்தச் சொல் எவ்வளவு நாள் தாங்கும்?

இதைப் படிக்கிறவர்களில் பெற்றவர்களிடம் பாதியை மட்டும் சொல்லி வைத்தவர்கள் இருப்பீர்கள். பிறகு மீதியைச் சொன்னவர்களும் இருப்பீர்கள். எப்படிச் சொன்னீர்கள்? அப்பாவைக் கூட வைத்துக்கொண்டா, அம்மாவிடம் தனியாகவா? அறிக்கையின் இரண்டாவது வாக்கியத்தை முதலில் சொல்வதா, அல்லது அந்த முக்கால் டம்ளர் காப்பியிலிருந்து தொடங்குவதா? அந்தக் காப்பியைப் பற்றி அம்மாவும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தயவுசெய்து எழுதுங்கள். திங்கட்கிழமை காலை அம்மா வருவாள். வந்ததும் முதலில் காப்பிதான் கேட்பாள்.